முனவ்வறா வீட்டுக் கலவாய்

முனவ்வறாவின் வீட்டு ஹோலில் ஒரு கலவாய் மீன் இருந்தது என்று நான் சொன்னால், வெளியூர்க்காரர்கள் எந்தச் சட்டியில் என்று கேட்கிறார்கள். சட்டியில் அல்ல, உயிரோடுதான் இருந்தது. ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள், கடல் தண்ணீரில், தடித்த உதட்டைத் திறந்து மூடிக்கொண்டு, வருகிறவர் போகிறவரை முறைத்தபடி இருந்தது. கல்முனைக்குடியில் மற்ற வீடுகளில் அந்த இடத்தில் சவூதியிலிருந்து வந்த பீங்கான் சாமான்களை அடுக்கிய கண்ணாடி அலுமாரி நிற்கும். மீன் இருக்க வேண்டிய இடம் கடல். அதை விட்டால் ஆணம், அதாவது எங்கள் பக்கத்துக் குழம்பு. நடுவில் ஹோல் என்று ஓர் இடம் மீனுக்குக் கிடையாது. இதை நான் அப்போதே முனவ்வறாவிடம் சொன்னேன்.

நான் அடுத்த வளவுக்காரி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டு வழியாகத்தான் எங்கள் சிநேகிதம் நடந்தது. அவளும் நானும் ஒன்றாக ஓதப் பள்ளிக்குப் போனவர்கள், ஒரே வருஷத்தில் கலியாணம் முடித்தவர்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை, எனக்கு வீடு நிறையப் பிள்ளைகள். பொறுமையில் மட்டும் கணக்கு மாறிக் கிடந்தது. அவளிடம் நிறைய இருந்தது, என்னிடம் ஒரு பொட்டும் இல்லை.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தவுடன் தாய் தகப்பன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு சிறிய வீட்டைப் போட்டு ஒதுங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து சேருவார். வீடு பெண்ணுடையது என்று பெயர்தான். அதற்குள் எது எங்கே இருக்கவேண்டும் என்று முடிவு செய்கிறவர் சூட்கேசோடு வந்தவர். முனவ்வறாவின் மாப்பிள்ளை இப்றாஹிம் சூட்கேசோடு, முகத்தில் மாட்டும் ஒரு சுழியோடிக் கண்ணாடியையும் கொண்டு வந்தார்.

நல்ல மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டுக்கு வண்ணமீன் அனுப்பும் ஒரு கொழும்புக் கம்பெனிக்காகக் கல்குடாவிலும் திருகோணமலையிலும் சுழியோடுவது அவர் தொழில். கடலுக்கடியில் பவளப்பாறைப் பார்க்கல்லில் திரியும் சின்னச்சின்ன மீன்களை வலைக்கூடையில் பிடித்து, பொலித்தீன் பையில் தண்ணீரும் காற்றும் அடைத்து அனுப்புவார்கள். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம், ஒரு பைக்குள் தவறுதலாக ஒரு கலவாய்க் குஞ்சும் போய்விட்டது. பையை அவிழ்த்தபோது வண்ணமீன் ஒன்றையும் காணவில்லையாம். கலவாய் மட்டும் வயிறு வீங்கி நின்றதாம். கம்பெனிக்காரன் அதைத் தரையில் அடிக்கப் போக, இவர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "பாரு புள்ள, என்ன துணிச்சல்!" என்று முனவ்வறாவிடம் காட்டினார். அவள் பார்த்தாள். பார்க்காமல் என்ன செய்வது?

முதலில் ஹோர்லிக்ஸ் போத்தலில் இருந்தது. பிறகு வாளிக்குப் போனது. அதன் பிறகு அவர் யன்னல் கண்ணாடியும் இரும்புச் சட்டமும் வாங்கி அந்தத் தொட்டியைக் கட்டினார். தொட்டி வைக்க ஹோலில் ரோட்டுப் பக்க யன்னலோரம்தான் தோதாக இருந்தது. அங்கே அதுவரை நின்றது முனவ்வறாவின் தையல் மெஷின். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் அவள் தைப்பாள். தெருவில் கலியாணமாகாத குமருகளைக் கூட்டி ஹோலிலேயே தையல் பழக்கவேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. மெஷின் குசினிக்குப் பக்கத்து இருட்டறைக்குப் போனது. எண்ணமும் அதனோடு போனது.

"நீ ஒண்டும் சொல்லலியா?" என்று நான் கேட்டேன்.

"என்னத்தச் சொல்ற? அவர் ஆசையா வெச்சிட்டார்" என்றாள்.

இப்றாஹிம் மாதத்தில் பாதிநாள் வீட்டில் இல்லை. கலவாய்க்குத் தீனி போட்டது யார்? முனவ்வறா. தொட்டித் தண்ணீரை வடித்துக் கடல் தண்ணீர் ஊற்றியது யார்? அதுவும் முனவ்வறா. அது சாகாமல் இருக்கத் தண்ணீருக்குள் காற்று ஊதும் ஒரு சின்னப் பம்பு இரவும் பகலும் கர்ரென்று இரைந்துகொண்டிருக்கும். கரண்ட் நின்றால் இவள் உட்கார்ந்து அகப்பையால் தண்ணீரை அலசுவாள். மீன் வளர்ந்தது. ஒரு முழம் தாண்டியது. உடம்பெல்லாம் செம்புள்ளி, முள் சிலிர்த்த முதுகு, உள்ளே கையை விட்டால் மணிக்கட்டு வரை போகும் வாய். உயிர் மீனைத் தவிர வேறெதையும் இலேசில் தொடாது. மற்ற எவர் கிட்டப் போனாலும் கல்லுக்குப் பின்னால் பதுங்கும். இவள் கையைத் தண்ணீரில் வைத்தால் மட்டும் மேலே வந்து உள்ளங்கையில் தன் நாடியை, கீழ்த்தாடையை, வைக்கும்.

"இந்த வீட்டில எனக்கொரு சக்களத்தி வேணுமெண்டு நான் கேட்டனா ஸகியா?" என்று பொட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். சிரித்தாலும் அவளுக்கு அந்த மீனைப் பிடிக்காது. அது எனக்குத் தெரியும்.

எண்பத்திரண்டில் இப்றாஹிம் கல்குடாவிலிருந்து காய்ச்சலோடு வந்தார். மலேரியா தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் உயிரில்லா ஜனாஸாவாகத்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

முனவ்வறா வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தாள். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்கவேண்டும்; அலங்காரம் கூடாது, மறுமணப் பேச்சுக் கூடாது. மார்க்கம் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை அவள் மாமியார் சபியா உம்மா சேர்த்தார். துணைக்கு என்று பாயோடும் வெற்றிலைத் தட்டத்தோடும் வந்து இறங்கி, முதல் வேலையாக முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடினார். யன்னலுக்குப் புடவை அடித்தார். றேடியோவைப் பரணில் ஏற்றினார். கிணற்றடிக்குப் போவதென்றாலும் இவர் முன்னால் போய் வேலிக்கு அப்பால் ஆண்பிள்ளை யாராவது நிற்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார். முதல் கிழமையே தொட்டியின் மேலும் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினார்.

"இது என்னத்துக்கு மாமி?" என்று கேட்டேன்.

"கலவாய் சின்னனில பொண்ணா இரிந்து, பெருத்தாப் புறகு ஆம்பிளயா மாறுமாம். என்ட மகன்தான் சொன்னவன். இது பெருத்திட்டு. இத்தாவில இரிக்கிற புள்ளய இது பாத்துக்கிட்டே இரிக்கி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முனவ்வறா சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "மாமி, இது சின்னனில இரிந்து என்ட கையால திண்டு வளந்தது. ஆம்பிளயா மாறினாலும் என்ட வீட்டிலதானே மாறின. பெத்த மகனுக்கு முன்னால ஆராவது முக்காடு போடுறயா?"

சபியா உம்மா வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருட்டில் மீன் தீனி எடுக்காமல் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டு கிடந்ததும் சேர, அடுத்த நாள் விரிப்பு எடுபட்டது. பிள்ளையில்லாதவள் அந்த வார்த்தையைச் சொன்னது எனக்குத்தான் நெஞ்சில் குத்தியது.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தாள். யன்னலில் புடவை, வாசலில் மாமியார், வெளியே மாரி மழை. அந்த வீட்டுக்குள் அசைவது அந்த மீன் ஒன்றுதான். அது இந்த மூலைக்கு வந்து திரும்பும், அந்த மூலைக்குப் போய்த் திரும்பும். அதன் நீளத்துக்குத் திரும்புவதே பெரும்பாடு; வால் கண்ணாடியில் உரசும். இவள் அறைக்குப் போய் வருவாள், குசினிக்குப் போய் வருவாள். ஒருநாள் நான் போனபோது கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இத்தின வருசமா இது இப்பிடித்தான் இரிந்திரிக்கி, ஸகியா. நான் தீனி போட்டன், தண்ணி மாத்தினன். ஒருநாளும் இதப் பாக்கல்ல. இப்பதான் பாக்கிறன்" என்றாள்.

அவளுக்கு அந்த மீன்மேல் பற்று வந்துவிட்டது என்று அப்போது எனக்கு விளங்கியது. பாழாய்ப்போன நேரத்தில் வந்த பற்று.

தீனி வந்தது செல்லத்தங்கத்தின் கையால். பெரியநீலாவணையிலிருந்து மீன் விற்க வரும் பெண். இப்றாஹிம் இருந்த காலத்திலும் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். பெண்ணென்பதால் சபியா உம்மா பின்வாசலால் விடுவார். சட்டியில் தண்ணீர் விட்டு உயிருள்ள மணலை மீன், சில நாள் இறால் கொண்டுவருவாள். இரண்டு நாளுக்கு ஒரு தரம் ஒரு வண்டிலில் பீப்பாவோடு கடல் தண்ணீர் வேலி வாசலான கடப்படிக்கு வரும். அதையும் செல்லத்தங்கம்தான் வாளியில் அள்ளிக்கொண்டு வந்து ஊற்றுவாள். எல்லாம் இப்றாஹிம் முன்பே காசு கொடுத்துச் சொல்லி வைத்த ஏற்பாடு என்று முனவ்வறா நினைத்தாள். நானும் நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து ஏதாவது சட்டியில் வந்தால், அந்தச் சட்டியை வெறுஞ்சட்டியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்பவேண்டும். ஏழை வீடும் அப்படித்தான், பணக்கார வீடும் அப்படித்தான். முனவ்வறா செல்லத்தங்கத்தின் சட்டியில் ஒருநாள் முட்டை வைத்தாள், ஒருநாள் முருங்கைக்காய் வைத்தாள். ஒருநாள் இப்றாஹிமின் பெயரில் கத்தம் ஓதிய வட்டிலப்ப இனிப்பில் ஒரு துண்டை வாழையிலையில் சுற்றி வைத்தாள். பாவம், மழைக்குள் நடந்து வருகிறாளே என்ற நினைப்பு. செல்லத்தங்கமும் சட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.

மாரி முற்றி வள்ளங்கள் கரையேறிய பிறகும் உயிர் மீன் தவறாமல் வந்தபோதுதான் எனக்கு யோசனை தட்டியது. ஒருநாள் செல்லத்தங்கத்தை மறித்துக் கேட்டேன்.

"கடலுக்கு ஒருத்தரும் போகல்ல. உனக்கு மட்டும் எங்கால மீன்?"

"எனக்கெங்கால கா? றஊப் முதலாளி வாவியில ஆளுபோட்டுப் பிடிப்பிக்கிறார். வண்டிலும் அவர்ர. நான் தூக்கிக்கிட்டு வாறதுதான்."

"அப்ப இந்தச் சட்டி?"

"சட்டியும் அவங்கட வீட்டுச் சட்டிதான். இந்தப் புள்ள குடுக்கிறத அப்பிடியே கொண்டு குடுத்திட்டு வாறன். மற்றவங்கட சாமான நான் தொடுவனா?"

றஊப் என்பவர் இப்றாஹிமின் தம்பி, சபியா உம்மாவின் இளைய மகன். கடைத்தெருவில் சீமெந்துக் கடை. பேசிய கலியாணமெல்லாம் ஒவ்வொரு நொட்டைக்காகத் தட்டிப்போய் நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவர். அத்தர் பூசி, அமைதியாகப் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் கலியாணம் கேட்பது ஹராம் என்பதால், மனிதர் கேட்காமல் மணலை மீன் அனுப்பியிருக்கிறார். இவள் முட்டையும் வட்டிலப்பமும் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்?

முனவ்வறாவிடம் சொன்னபோது அவள் தொட்டியைத்தான் பார்த்தாள். நேரே மாமியிடம் போய்க் கேட்டாள். சபியா உம்மா வெற்றிலையை மடித்தபடியே பதில் சொன்னார்.

"வாயால கேட்டாத்தானே ஹராம்? மீன் அனுப்புற ஹராமா? உன்ட இத்தா முடியட்டும், மறுகா கதைப்பம் எண்டு இரிந்தன். அவனுக்கும் ஆருமில்ல, உனக்கும் ஆருமில்ல. இந்த ஹோலும் ரோட்டுப் பக்கம். அவன் சீமெந்து இறக்கி வெக்க நல்ல தோது."

"மாமி, இது என்ட உம்மா எனக்குத் தந்த வீடு."

"அதுக்கென்ன புள்ள, உன்ட வீடுதான். ஆர் இல்லையெண்ட?"

அன்று பொட்டடியில் நின்று முனவ்வறா என்னிடம் பேசியது போல அவள் அதற்கு முன் ஒருநாளும் பேசியதில்லை. அவளுக்கு றஊப் மேல் வெறுப்பு இல்லை. அவளுக்கு இன்னொரு சூட்கேஸ் வேண்டாம். உம்மாவின் கையிலிருந்து மாப்பிள்ளையின் கைக்குப் போனவள். அந்த வீட்டில் ஒரு சாமானையாவது தன் இஷ்டத்துக்கு வைத்தவள் அல்ல. மெஷினை யன்னலோரம் வைக்கவேண்டும், பிள்ளைகளுக்குத் தையல் பழக்கவேண்டும், யாருடைய செருப்புச் சத்தத்துக்கும் எழும்பாமல் இருக்கவேண்டும். "இவ்வளவுதான் ஸகியா நான் கேக்கிற. இது பெரிய ஆசையா?" என்றாள். எங்கள் ஊரில் அது பெரிய ஆசைதான்.

வெள்ளிக்கிழமை அவள் தம்பி றஸாக் பார்க்க வந்தான். கலியாணம் பேசினால் அவன்தான் வலி, பெண்ணுக்குப் பொறுப்பான ஆண். அவனிடம், "எனக்கு ஒண்ணா, இந்தக் கலியாணம் வேணாம்" என்று அவள் பட்டென்று சொன்னாள். நானும் அங்கே இருந்தேன்.

"இப்ப ஒண்ணா எண்டா எப்பிடி ராத்தா? அவங்கட மீன வாங்கின. சட்டிய நிறைச்சும் அனுப்பின. இத்தாவுக்குள்ள இரிந்துகிட்டு ஆம்பிளைக்குச் சாமான் அனுப்பினவள் எண்டு கதை வந்திட்டு. கலியாணம் முடிஞ்சா அது கதையில்ல. முடியாட்டி நீ தெருவில தல காட்ட ஏலா."

"செல்லத்தங்கத்துக்கெண்டுதான் நான் வெச்ச."

"அத ஆர் நம்புவான்?"

"அப்ப இந்த மீனக் கொண்டு கடல்ல விடு. மீனுமில்ல, தீனியுமில்ல."

"நல்ல கதை. றஊப் காக்காட மூஞ்சில துப்பச் சொல்றயா? அவர் இதுக்குப் பெரிய தொட்டியே கட்டுவன் எண்டு சொல்லிக்கிட்டுத் திரியிறார்."

அவன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டான். செல்லத்தங்கத்திடம் கேட்டுப் பார்த்தோம். அவள் தொட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இது கல்லுக்குள்ள கிடக்கிற மீன், புள்ள. கரையில விட்டா இந்தக் கடல் தூக்கி மணலில அடிக்கும். பார்க்கல்லடிக்குக் கொண்டுபோக வள்ளம் வேணும். மாரி முடியாம ஆரும் வள்ளம் இறக்கமாட்டானுகள்." மாரி முடியும்போது இத்தாவும் முடியும். இத்தா முடிந்த கிழமையே நிக்காஹ் என்று சபியா உம்மா பள்ளி லெப்பையிடம் சொல்லி வைத்திருந்தார். அவள் அகப்பட்டுக்கொண்ட விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

முனவ்வறா சட்டியைத் திருப்பி அனுப்பிப் பார்த்தாள். வந்த மீனை வந்தபடியே அனுப்பினாள். வண்டில் தண்ணீரையும் எடுக்கவில்லை. மாட்டிறைச்சியைக் கீறிப் போட்டாள். கலவாய் வாயில் வைத்துத் துப்பியது. தண்ணீர் மஞ்சளித்து நாறத் தொடங்கியது. மீனின் செம்புள்ளிகள் மங்கி, விலாப்பக்கம் ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. இவள் கிட்டப் போகும்போதெல்லாம் அது மேலே வந்து வாயைத் திறக்கும். ஒருநாள் காலை அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அன்று செல்லத்தங்கம் வந்தபோது முனவ்வறா ஓடிப்போய்ச் சட்டியை வாங்கினாள். வாங்கும்போதே அழுதாள். மாமியார் தின்ற வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"இது சாகும்வரைக்கும் நான் சம்மதம் எண்டுதான் அருத்தம், ஸகியா" என்றாள் அன்று என்னிடம். நான் அதைப் புலம்பல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சபியா உம்மா வழக்கம்போலத் தன் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வரப் போயிருந்தார். காலைவெயில் அபூர்வமாக எறித்திருந்தது. முனவ்வறா பொட்டடியில் வந்து என்னைக் கூப்பிட்டாள். போனால், செல்லத்தங்கம் ஒரு சாக்கோடு ஹோலில் நிற்கிறாள். பம்பு நிறுத்தியிருந்தது. அந்தக் கர்ரென்ற சத்தம் இல்லாமல் அந்த வீட்டை, தொட்டி வந்த பிறகு, நான் கேட்டதே இல்லை.

முனவ்வறா வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பிஸ்மி சொல்லித் தண்ணீருக்குள் கையை வைத்தாள். கலவாய் உடனே மேலே வந்தது. முதல்நாள் தின்ற மணலையோடு நல்ல தெம்பாக இருந்தது. வழக்கம்போல உள்ளங்கையில் நாடியை வைத்தது. அவள் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மற்றக் கையைச் செவுளுக்குள் விட்டு இறுக்கிப் பிடித்தாள்.

அது துள்ளிய துள்ளலில் தொட்டித் தண்ணீர் பாதி ஹோலில் கொட்டியது. முதுகு முள் அவள் உள்ளங்கையைக் கிழித்தது. அவள் விடவில்லை. செல்லத்தங்கம் சாக்கைப் போட்டு அமுக்கி இருவருமாகத் தரையில் இறக்கினார்கள். செல்லத்தங்கம் உலக்கையை எடுத்தாள். அந்த மீன் ஆணத்துக்குத்தான் லாயக்கு என்று வருஷக்கணக்காகச் சொன்னவள் நான்; என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பி நின்றுகொண்டேன்.

வெட்டியது முனவ்வறா. கையில் சீலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு வெட்டினாள். புளிப்புக்குக் கொறுக்காய் போட்டு, மிளகாய் போட்டு, தேங்காய் முதற்பால் விட்டு, ரம்பை இலையும் கறிவேப்பிலையும் போட்டு இறக்கினாள். ஆத்திரத்தில் சமைத்தது போல இல்லை. உப்பைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் போட்டாள். கந்தூரி விருந்துக்குச் சமைக்கிற கவனத்தோடு சமைத்தாள். பிறகு றஊப் வீட்டுச் சட்டியைக் கழுவித் துடைத்து அதில் ஆணத்தை விளிம்புவரை ஊற்றினாள். மூடி போட்டு, வெள்ளைத் துணியால் கட்டினாள்.

"செல்லத்தங்கம் அக்கா, வீட்ட ஒண்ணா. கடைக்கே கொண்டு போங்க. ஆக்கள் நிக்கக்குள்ளயே குடுங்க. 'இப்றாஹிம்ட கலவாய்க்கு நீங்க அனுப்பின மீனெல்லாம் இதுக்குள்ளதான் இரிக்கி, ஒண்டும் நான் வெச்சிக்கல்ல, இனி அனுப்பத் தேவல்ல' எண்டு சொல்லுங்க."

செல்லத்தங்கம் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தலையில் சும்மாட்டை வைத்துச் சட்டியை ஏற்றினாள். "சட்டி?" என்று கேட்டாள்.

"சட்டியும் அவங்கடதானே."

ஜும்ஆவுக்குப் போக ஆட்கள் கடைத்தெருவில் கூடி நின்ற நேரம். செல்லத்தங்கம் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் சட்டியை இறக்கி, தன் பெரியநீலாவணைக் குரலில், சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். நின்ற ஒருவர் சிரித்துவிட்டாராம். பிறகு எல்லாரும் சிரித்தார்களாம். இத்தாவுக்குள் ஆணுக்குச் சாமான் அனுப்பியவள் என்ற பேச்சு அத்தோடு நின்றது. பொண்ணுக்கு மணலை அனுப்பி மீனாணம் வாங்கிய மாப்பிள்ளை என்ற பேச்சு தொடங்கியது. றஊப் அந்த ஆணத்தைத் தின்றாரா இல்லையா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. நான் தின்றார் என்ற கட்சி. நல்ல ஆணம் அது.

அந்த ஹோலில் பிறகு மெஷின் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். என் மூத்த மகளும் அங்கேதான் தையல் பழகினாள். முனவ்வறா மறுபடி கலியாணம் முடிக்கவில்லை. இதையெல்லாம் கேட்கிறவர்கள் கெட்டிக்காரி என்கிறார்கள். நானும் தலையாட்டுவேன். ஆனால் அன்று பின்னேரம் நான் அங்கே இருந்தேன், அவர்கள் இருக்கவில்லை.

சபியா உம்மா வந்து ஈரத்தரையில் கால் வைத்தார். தொட்டியைப் பார்த்தார். பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் முந்தானையை இறுக்கிக்கொண்டேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, "என்ட மகன் வளத்த மீன்" என்று மட்டும் சொன்னார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெற்றவளுக்கு அதுவும் ஒரு மிச்சமாக இருந்திருக்கிறது; அதை நாங்கள் இருவரும் நினைக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் எழும்பி, பாயைச் சுருட்டி, வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

இத்தா முடிய இன்னும் நாள் கிடந்தது. யன்னலில் புடவை அப்படியே இருந்தது. நான் தரையைத் துடைத்துவிட்டு, அவள் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்ட உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் குரலெடுத்து அழுதாள். மௌத்தான அன்று கூட அவள் அப்படி அழவில்லை. வேலிக்கு அப்பால் பெண்கள் கூடி நின்று, பாவம், புருஷனை இப்போதுதான் நினைத்து அழுகிறாள் என்று பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

கட்டிய கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ட கையெண்டுதானே ஸகியா அது வந்திச்சி" என்றாள்.